தோல்பை வாங்கப் போன முதலை

பல் செட் செய்கிறவளுக்குக் கை நடுங்கினால் பிழைப்பு போய்விடும். இசுமி ஓரிபேவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஒசாகாவில், தென்மா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், பல் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, அந்த வட்டாரத்துக் கிழவர்களில் பாதிப் பேருக்குக் கடைவாய்ப் பல் செய்து கொடுத்தவள் அவள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மயிரிழை பிசகினாலும் வாய்க்காரர் சோறு மெல்ல முடியாது. அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு யாரும் பட்டினி கிடந்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைத்தெருவில் இருந்த உதோன் கடையில், கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நூடுல்ஸ் கிண்ணத்தைச் சாய்த்துத் தன் வெள்ளைச் சட்டையில் தானே சூப்பை ஊற்றிக்கொண்டாள்.

காரணம் பக்கத்து இருக்கைக்காரர். அறுபதை ஒட்டிய மனிதர், மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய காதுகள், காலுக்கிடையில் ஒரு தோல் கருவிப்பை. மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு, சூடான சூப்பு வேறு. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. கால்சட்டையின் வலது பையிலிருந்து கசங்கிய கைக்குட்டை ஒன்றை உருவிப் பிடரியைத் துடைத்தார். இசுமி சும்மாதான் திரும்பிப் பார்த்தாள். முதலில் பச்சையாக ஒரு வால் தெரிந்தது. பிறகு கண்ணாடி அலமாரி தெரிந்தது. அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு மடியில் விரித்தபோது முழு முகமும் தெரிந்தது. முதலை. வாயில் இருந்த நூடுல்ஸை விழுங்கக்கூட மறந்துபோனாள்.

அந்த முதலை சாதாரண முதலை இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஹனபுசா என்று ஒரு ஆடை வடிவமைப்பாளர் இருந்தார். அவர் தைத்த கவுனை வாங்க வசதியில்லாதவர்களும் அவர் பெயர் போட்ட கைக்குட்டையை வாங்கலாம் என்பதால், பெரிய அங்காடிகளில் கீழ்த்தளத்துக் கைக்குட்டைப் பிரிவில் அவருடைய சரக்குக்குக் கூட்டம் அலைமோதும். அந்த ஹனபுசா ஒரு வருஷம் மிருகங்கள் கடைக்குப் போவதாக வரிசையாக வரைந்து அச்சிட்டார். ஒட்டகச்சிவிங்கி டை வாங்க வந்திருக்கும். பாவம், நீளம் போதாமல் விற்பனைப் பெண் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருப்பாள். ஆக்டோபஸ் கையுறை போட்டுப் பார்க்கும். மரவட்டை செருப்புக் கடையில் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் கடைக்காரர்கள் மயங்கிக் கிடப்பார்கள். முதலை மட்டும் தோல்பைப் பிரிவுக்குப் போய், கண்ணாடிக்குள் தொங்குவதெல்லாம் யார் யார் என்று அடையாளம் கண்டுகொண்டு அழுதுகொண்டிருக்கும்.

வாங்கினவர்கள் சிரித்தார்கள். தோல்பைப் பிரிவுக்காரர்கள் சிரிக்கவில்லை. மேலிடத்தில் முறையிட்டார்கள். கடைக்கு வந்த வேகத்திலேயே முதலை திரும்பப் போய்விட்டது. விற்றது கொஞ்சம்தான். அதிலும் மூக்குச் சிந்தியும் தொலைத்தும் மிஞ்சினது எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

இசுமிக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளிடம் இல்லை, ஹிசானோவிடம் இருந்தது. அதுதான் கொடுமை. ஹிசானோ பள்ளிக்கூடத்திலிருந்தே கூடப் படித்தவள், இப்போது இரண்டு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருப்பவள். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்: பழைய கைக்குட்டை. ஷிதென்னோஜி கோயிலில் மாதாமாதம் கூடும் பழம்பொருள் சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படிப் போனபோது, வாசலில் சூடாகத் தகோயாகி உருண்டை போடுகிற வாசனை வந்து, இசுமி நின்றுவிட்டாள். ஹிசானோ நிற்கவில்லை. இசுமி வாயில் உருண்டையோடு போய்ச் சேர்ந்தபோது முதலை ஹிசானோவின் கையில் இருந்தது. அன்றிலிருந்து அது சலவைக் கடைச் சுவரில், கல்லாவுக்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. இசுமி துணி போட எப்போது போனாலும் ஹிசானோ சுவரைக் காட்டிச் சொல்வாள்:

“நின்னு நல்லாப் பாத்துட்டுப் போ. பாக்கறதுக்கு நான் காசு வாங்கறதில்ல.”

அதனால்தான் அந்தச் சூப்பு.

சூப்பைக் கொட்டுவதற்கு முன்னால் இசுமி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டாள். யாருக்காவது திடீரென்று சட்டை நனைந்துபோனால் பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டை கொடுப்பார். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பது முறையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, சின்னதாக ஏதாவது தின்பண்டத்தோடு மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கறை போகவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு இந்தப் புதுசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவளுடைய சொந்தக் கைக்குட்டை கைப்பைக்குள்தான் இருந்தது. கைப்பையைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பிறகு, பல்லுக்கு மெழுகு ஊற்றுகிற அதே கையால், வெந்துபோகாத அளவு, ஆனால் அசிங்கமாகத் தெரிகிற அளவு, சட்டையின் மூன்றாவது பொத்தான் பக்கமாக ஊற்றினாள்.

மனிதர் துள்ளி எழுந்தார். அவர் கை வலது பைக்குப் போனது. போன கை பாதியில் நின்று, இடது பைக்குத் திரும்பியது. அங்கிருந்து நான்காக மடித்த, மடிப்புக் கலையாத கைக்குட்டை ஒன்று வெளியே வந்தது.

“இத எடுத்துக்கோங்க. அது நான் வேர்வை தொடச்சது. இது சுத்தமானது, அடுத்தவங்களுக்குன்னே தனியா வச்சிருக்கறது.”

ஆக்டோபஸ். வீட்டில் அவளிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தது.

நல்ல மனிதராக இருப்பவரால் வருகிற தொல்லை தனி. வாங்காமல் இருக்கவும் முடியாது. இசுமி ஆக்டோபஸால் சட்டையைத் துடைத்தாள், தலை குனிந்து நன்றி சொன்னாள், பெயர் கேட்டாள். காசேதா என்றார். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற தொழில். சனிக்கிழமைதோறும் மாடியில் இருக்கும் இசைப் பள்ளியில் வேலை முடித்துவிட்டு இங்கேதான் சாப்பிடுவாராம். அடுத்த சனிக்கிழமை இதே நேரத்தில் துவைத்துக் கொண்டுவருவதாக இசுமி சொன்னாள். அதெல்லாம் எதற்கு என்று அவர் சொன்னார். அப்படிச் சொன்னால் கொண்டுவரலாம் என்றுதான் அர்த்தம்.

வீட்டில் இசுமி தன் கைக்குட்டை அலமாரியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் மெல்லிய தாளுக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, கை படாமல் இருந்தது. அதில் ஒன்றாலும் அவள் ஒருநாளும் ஈரக் கையைத் துடைத்ததில்லை. துடைப்பதற்கென்று பேரங்காடியில் வாங்கின சின்னத் துவாலைத் துண்டுகள் தனியாக இருந்தன. அலமாரித் தட்டில் மரவட்டைக்கும் நத்தைக்கும் நடுவே ஒரு இடம் காலியாக விட்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தனக்கென்று கைக்குட்டை இல்லாமலே வீட்டைவிட்டுக் கிளம்பினாள். பாலர் பள்ளியில் ஆசிரியை வரிசையாக நிறுத்தி வைத்து, கைக்குட்டை எங்கே, மூக்குத் தாள் எங்கே என்று காட்டச் சொன்ன நாளிலிருந்து அவள் அப்படி வெளியே போனதே கிடையாது. துணி உடுத்தாமல் நடக்கிற மாதிரி இருந்தது. ரயில் நிலையக் கழிப்பறையில் கையைக் கழுவிவிட்டு, சுற்றிலும் பெண்கள் அவரவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கையைக் காற்றில் உதறிக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்காத சமயம் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள்.

துவைத்த ஆக்டோபஸோடு ஒரு டப்பா அரிசி வறுவலையும் கொடுத்தாள். காசேதாவுக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு துணிக்கு இவ்வளவா என்றவர், எதிரே இருந்த காபிக் கடைக்கு அழைத்துப் போய்க் குளிர்ந்த காபி வாங்கிக் கொடுத்தார். அங்கே அவர் நெற்றியைத் துடைக்க முதலையை எடுத்தார். போன வாரம் ஓரத் தையல் பிரிந்து தொங்கினது இந்த வாரம் சரியாக இருந்தது. தானே தைத்துக்கொள்வார் போல என்று இசுமி நினைத்தாள். அது மடியிலேயே கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று காபியைக் கவிழ்த்தாள்.

காசேதா மடியில் கிடந்ததை அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டு, இடது பையிலிருந்து ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் கறிச் சோறு. கிடைத்தது மரவட்டை.

ஒவ்வொரு முறையும் துவைத்துக் கொடுக்கும்போது அவள் ஏதாவது கொடுத்தாள். வாங்கினதற்குப் பதில் மரியாதை செய்யாமல் இருக்கக் காசேதாவால் முடியவில்லை. வறுவலுக்குப் பதிலாக பிளம் பழ ஊறுகாய் வந்தது. பிளம்முக்கு அவள் கருவாடு கொடுத்தாள். கருவாட்டுக்கு அவர் ஒகாயாமாவிலிருந்து வரவழைத்த பீச் பழப் பெட்டி கொடுத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் வீடு திரும்பும்போது, தன் வாழ்நாளில் எந்தக் கைக்குட்டைக்கும் இவ்வளவு அலைந்ததில்லை என்று இசுமி நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சட்டைகளெல்லாம் ஹிசானோவின் சலவைக் கடைக்குத்தானே போயாக வேண்டும். சூப்புக் கறை, காபிக் கறை, மஞ்சளாகக் கறிக் கறை. எல்லாம் வெள்ளைச் சட்டை, எல்லாம் சனிக்கிழமை. மூன்றாவது சட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஹிசானோ சட்டையை மேஜையில் வைத்தாள்.

“யாருடி அந்த ஆளு?”

இசுமி திகைத்துப்போனாள். எந்த ஆளும் இல்லை என்றாள்.

“எனக்கு நீ கத விடாத. இருபது வருஷமா உன் துணிய நான்தான் தொவைக்கிறேன். ஒரு சொட்டு சோயா சாஸ் பட்டு நான் பாத்ததில்ல. இந்த வயசுல ஒருத்தி வாரா வாரம் மேல கொட்டிக்கிறான்னா எதிர்ல ஒரு ஆம்பள உக்காந்திருக்கான்னு அர்த்தம்.”

உண்மையைச் சொன்னால் முதலை இருக்கிற இடம் ஹிசானோவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை உதோன் கடையில் அவள் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். ஆகவே இசுமி தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்கிற மாதிரி நின்றாள். ஹிசானோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொட்டிக்கொள்வதெல்லாம் சின்னப் பிள்ளைகள் செய்வது, மனிதர் உன்னைக் கையாலாகாதவள் என்று நினைத்துவிடுவார், அதற்குப் பதிலாக அழு என்று யோசனை சொன்னாள். அழுகிற பெண்ணைப் பார்த்தால் ஆண்கள் எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று யோசிக்க மாட்டார்களாம், கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்களாம்.

இது இசுமிக்குப் பிடித்தது. ஹிசானோ நினைத்த காரணத்துக்காக இல்லை.

அடுத்த சனிக்கிழமை சுஷிக் கடைக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். தட்டில் பச்சை நிறத்தில், மூக்கில் ஏறுகிற காரமான வசாபி விழுது ஒரு உருண்டை வைத்திருந்தார்கள். காசேதா தேநீர் ஊற்றத் திரும்பிய சமயம் பார்த்து முழு உருண்டையையும் நாக்கில் வைத்துக்கொண்டாள். அழுகை வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு அழுகை அவள் தகப்பனார் செத்தபோதுகூட வந்ததில்லை. மூக்கு எரிந்தது, மண்டை எரிந்தது, எதிரில் இருந்தவர் இரண்டாகத் தெரிந்தார். காசேதா பதறிக்கொண்டு இரண்டு பையையும் தட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, ரயில் நிலைய வாசலில் விளம்பரத்துக்குச் சும்மா கொடுக்கிற மூக்குத் தாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஏதோ சூதாட்டக் கடையின் பெயர் போட்டிருந்தது.

“கண்ணுக்குத் துணி உறுத்தும்ங்க. இதுதான் மெத்துனு இருக்கும்,” என்றார்.

சூதாட்டக் கடைத் தாளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தோடு விட்டுவிடலாம் என்று இசுமி நினைத்தாள். ஆனால் அடுத்த வாரமும் போனாள். ஏன் போனாள் என்று யோசிக்கவில்லை.

ஜூலை கடைசியில், தென்ஜின் திருவிழாவுக்குக் கடைத்தெரு முழுக்கக் காகித விளக்குக் கட்டிக்கொண்டிருந்த நாளில், காசேதா அவளுக்கு முன்னாலேயே காபிக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தார். வந்த காபி பாதிக் கோப்பைதான் இருந்தது. மேலே மூடி. மூடியில் உறிஞ்சு குழல். இசுமி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் காது சிவந்துபோயிருந்தது.

“ஓரிபே சான், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல டீ சிந்தினா. அப்புறம் சூப்பு. நாங்க யாரும் கண்டுக்கல. கையி நடுங்கறதுக்கெல்லாம் இப்ப நல்ல வைத்தியம் இருக்குங்க. ஆரம்பத்துலயே காட்டிட்டா கட்டுக்குள்ள வச்சுக்கலாம். உமேதால எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. உங்களுக்குத் தனியாப் போக ஒரு மாதிரி இருந்தா, நான் கூட வரேன்.”

அதைச் சொல்வதற்கு அவர் வாரம் முழுக்கத் தயார் செய்திருப்பார் போலத் தெரிந்தது. யாரும் இசுமியிடம் கூட வருகிறேன் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அதை நினைத்த அடுத்த நொடி கோபம் வந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். கஞ்சப் பிசினாரி என்று சொல்லியிருக்கலாம், பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். கை நடுங்குகிறது என்று சொல்லலாமா?

கடைக்காரம்மாவைக் கூப்பிட்டு, பெரிய கோப்பையில் விளிம்பு வரைக்கும் காபி கேட்டாள். விளிம்பு என்றால் விளிம்பு, இன்னொரு சொட்டு விட்டால் வழிகிற அளவு. கடைக்காரம்மா தயங்கிக்கொண்டே ஊற்றினாள். இசுமி கோப்பையைத் தட்டோடு தூக்கி வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கையை முழு நீளத்துக்கு முன்னால் நீட்டினாள். எழுந்து நடந்தாள். கல்லாவைச் சுற்றிக்கொண்டு, மின்விசிறிக்குக் குறுக்கே, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கிழவர் நீட்டி வைத்திருந்த காலைத் தாண்டி, வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். கிழவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவர் வாயில் இருந்ததுகூட அவள் செய்த பல்லாக இருக்கலாம். கோப்பையைக் காசேதாவுக்கு முன்னால் வைத்தாள். தட்டில் ஒரு பொட்டு ஈரமில்லை.

காசேதா குனிந்து தட்டைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

“அப்ப எதுக்குங்க இத்தன நாளா கொட்டிக்கிட்டீங்க?”

இசுமி உட்கார்ந்தாள். இனிச் சொல்லாமல் முடியாது. உதோன் கடையிலிருந்து ஆரம்பித்து, ஹனபுசா, தோல்பைப் பிரிவு, தகோயாகி உருண்டை, சலவைக் கடைச் சுவர், வசாபி என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது ஒரு மூளை கெட்டவளின் கதை மாதிரிக் கேட்டது. முடிந்ததும் காசேதா வலது பையில் கைவிட்டு முதலையை எடுத்து மேஜையில் போட்டார்.

“இதா? இதுக்கா?” என்று கேட்டார். “மொத நாளே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“எப்படிங்க கேக்கறது? முன்னப் பின்ன தெரியாத ஆம்பளகிட்டப் போயி, நீங்க வேர்வை தொடச்ச துணியக் குடுங்கன்னா?”

அவர் கொஞ்ச நேரம் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல், முதலையை எடுத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கப் போகிறவள் மாதிரி இசுமி கையை நீட்டினாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதில் அவர் ஒரு அங்காடியின் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதலைகள் திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. மேஸ்திரி, எரிப்பானேன், வேண்டியவன் எடுத்துக்கொண்டு போ என்றார். முதலை படம் போட்ட கைக்குட்டையை யாரும் சீண்டவில்லை. காசேதா மட்டும் பெட்டி பெட்டியாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தன் உபயோகத்துக்குக் கைக்குட்டை வாங்கினதே இல்லை. ஒன்று கிழிந்தால் இன்னொன்று. ஓரத் தையல் எப்படிச் சரியானது என்பது இசுமிக்கு இப்போது புரிந்தது. ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது தள்ளுபடிச் சரக்கைக் கொடுப்பது மரியாதையா? அதற்காகத்தான் ஆக்டோபஸும் ஒட்டகச்சிவிங்கியும். அவையெல்லாம் சொந்தக் காசு போட்டுக் கடையில் வாங்கினவை. அவற்றை அவர் இன்றுவரை பத்திரமாக வைத்திருந்தார், அவள் தன் அலமாரியில் வைத்திருந்த மாதிரியே கவனமாக.

அன்று சாயங்காலமே நகசாகிசோவில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனார்கள். மாடியில் ஒரே அறை, அதில் பாதியைப் பியானோ அடைத்திருந்தது. எங்கே பார்த்தாலும் முதலை. பியானோ காலுக்கு அடியில் நான்காக மடித்த முதலை. ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்டினது முதலை. ஊறுகாய் ஜாடி வாயை மூடினது முதலை. கருவிகளைச் சுற்றி முதலை. சமையல் மேடையில் கரி படிந்து, துவைத்துத் துவைத்து வால் மட்டும் மிஞ்சின ஒரு முதலை. இசுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். காசேதா அலமாரியின் மேல்தட்டிலிருந்து கடைசிப் பெட்டியை இறக்கினார். காகிதப் பட்டைகூடப் பிரிக்காமல், அடுக்கடுக்காக, புத்தம் புதுசாக, அத்தனை முதலைகளும் ஒரே மாதிரி அழுதுகொண்டிருந்தன.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷம் கண்ணுக்குள் வைத்திருந்த ஒன்று, இங்கே ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக உட்கார்ந்திருக்கிறது. அபூர்வம் அபூர்வம் என்று அவளும் ஹிசானோவும் உயிரை விட்டது, ஒருத்தர் வீட்டு அலமாரியை யாரும் திறந்து பார்க்காததால்தான். அவர் பெட்டியோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஒன்று எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்தாள். பேராசையாகப் பட்டதால் திருப்பி வைத்தாள். மறுபடியும் எடுத்துக்கொண்டாள். காசேதா வேறு பக்கம் திரும்பி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதற்கும் முதலைதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் இசுமி நேராகச் சலவைக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ஹிசானோ கல்லாவில் இருந்தாள். வழக்கம்போலச் சுவரைக் காட்டி வாயைத் திறந்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இசுமி, இன்றைக்கு என்ன புழுக்கம் என்று சொல்லிக்கொண்டே, பாவாடைப் பையிலிருந்து முதலையை எடுத்து, நெற்றியைத் துடைத்தாள். பிறகு கழுத்தை. அவசரப்படாமல் இரண்டு அக்குளையும் துடைத்தாள்.

ஹிசானோவின் வாய் திறந்தபடி நின்றது. இஸ்திரி இயந்திரம் பின்னால் புஸ்ஸென்று ஆவி விட்டது. அவள் மெதுவாக முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். பின்பலகையைத் திறந்தாள். உள்ளே இருந்த முதலையை இரண்டு விரலால் எடுத்து உதறினாள். இசுமியின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, அதில் பலமாக மூக்கைச் சிந்தினாள்.

“அப்பாடா,” என்றாள். “எத்தன வருஷமா இது வெயில்ல வெளுத்துருமோ, பூச்சி அரிச்சுருமோ, எவனாவது தூக்கிட்டுப் போயிருவானோன்னு ராத்திரியெல்லாம் ஒரு கண்ண முழிச்சுக்கிட்டு கெடந்தேன். இன்னிக்கித்தான்டி நிம்மதியாத் தூங்குவேன்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சட்டை வாங்க வந்த ஒரு வங்கிக்காரர் வாசலிலேயே நின்று, இரண்டு நடுவயதுப் பெண்கள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார். சிரித்து ஓய்ந்தபின் இசுமி எல்லாவற்றையும் சொன்னாள். வசாபி இடத்தில் ஹிசானோவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது; உமேதா டாக்டர் இடத்தில் வரவில்லை. கூட வருகிறேன் என்றா சொன்னார் என்று இரண்டு தடவை கேட்டாள்.

“அந்த மனுஷன் தனியாளா?”

தெரியாது என்றாள் இசுமி.

“கல்யாண மோதிரம் போட்டிருக்காரா?”

கவனிக்கவில்லை என்றாள்.

“ரெண்டு மாசமா அவரு பாக்கெட்டையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்க, அந்தப் பாக்கெட்டுக்குள்ள போயிட்டு வர கைய ஒருநாளும் பாக்கலையா நீ?”

அந்தச் சனிக்கிழமை இசுமி பார்த்தாள். நீளமான விரல்கள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது, மோதிரம் இல்லை. மோதிரம் இல்லாவிட்டால் என்ன, சில தொழிலில் கழற்றி வைத்துவிடுவார்கள் என்று, சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டுவிட்டாள். சுற்றி வளைத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

காசேதா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி இருந்தாள், நகோயாவில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள் என்றார். சண்டையெல்லாம் இல்லையாம். அவர் காதுதான் காரணமாம். கெட்டில் கூவினால் கால் சுருதி ஏறியிருக்கிறது என்பாராம், கதவு கீச்சிட்டால் எழுந்துபோய் எண்ணெய் விடுவாராம், அவள் குளித்துக்கொண்டே பாடினால் வெளியே நின்று திருத்துவாராம். எந்தப் பொம்பளைதான் பொறுப்பாள் என்று அவரே கேட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார்.

இசுமிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள். காசேதா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தப் பெரிய காதைக் கொடுத்து, சிரிப்பு முடிகிற வரைக்கும் கேட்டார்.

“அரைச் சுருதி எறங்கியிருக்கு,” என்றார். பிறகு, வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டது ஞாபகம் வந்து காது சிவக்க, “ஆனா அப்படியே இருக்கட்டும்ங்க. அத மாத்த வேண்டாம்.”